ஒரு ஸ்கேட்போர்டு பலகை 2 லட்சமா? ஓவியரும் கடையும் கைகோர்த்தால் யாருக்கு லாபம்? சின்னாளபட்டிக்கு இதில் என்ன இருக்கு?

2019 ஜனவரியில் சோத்பீஸ் ஏல நிறுவனம் 248 ஸ்கேட்போர்டு பலகைகளை ஒரே செட்டாக விற்றது. சக்கரம் இல்லை, இரும்பு அச்சு இல்லை. வெறும் பலகைதான். போன விலை 8 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் 5 கோடி ரூபாய்க்கும் மேல். கணக்குப் போட்டால் ஒரு பலகை சராசரியாக 2 லட்சத்தைத் தாண்டும். வாங்கியது கனடாவைச் சேர்ந்த 17 வயது பையன்.

மரத்துக்கா இவ்வளவு காசு? இல்லை, அதன் அடியில் இருந்த படத்துக்கு.

அடிப்பக்கத்தில் எதுக்குப் படம்?

ஸ்கேட்போர்டு பலகை பெரும்பாலும் மேப்பிள் மரத்தின் 7 மெல்லிய அடுக்குகளை ஒட்டி அழுத்திச் செய்யப்படுகிறது. மேல்பக்கம் கால் வழுக்காமல் இருக்க உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான ஷீட் ஒட்டிவிடுவார்கள். படம் போட மிச்சம் இருப்பது அடிப்பக்கம் மட்டும்தான். கம்பியில் சறுக்கினால் அந்தப் படம் தேய்ந்து போகும். அதனால்தான் சிலர் ஒன்றை ஓட்டவும் இன்னொன்றைச் சுவரில் மாட்டவும் என்று இரண்டாக வாங்குகிறார்கள்.

ஏலத்துக்குப் போன பலகைகள் எல்லாம் 'சுப்ரீம்' கடையுடையவை. 1994-ல் நியூயார்க் லஃபாயெட் தெருவில் சாதாரண ஸ்கேட் கடையாகத் தொடங்கியது. ஜப்பான் ஓவியர் தகாஷி முரகாமியுடன் 2007-லும், பிரிட்டன் ஓவியர் டேமியன் ஹர்ஸ்டுடன் 2009-லும் சேர்ந்து பலகைகள் வெளியிட்டது. குறைந்த எண்ணிக்கையில் மட்டும் போடுவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். விலையை ஏற்றுவது அந்தத் தட்டுப்பாடும் ஓவியரின் பெயரும். அதே படம் டி-ஷர்ட்டிலும் வரும். கொரோனா நேரத்தில், 2020 ஏப்ரலில், முரகாமி வரைந்த ஒரே ஒரு டி-ஷர்ட் விற்பனையில் 10 லட்சம் டாலருக்கு மேல் நிவாரண நிதி திரண்டது. அதே ஆண்டு இறுதியில் சுப்ரீமை வி.எஃப். நிறுவனம் 210 கோடி டாலருக்கு வாங்கியது. தெருவோரக் கடை எங்கே போய்விட்டது பாருங்க!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுப்ரீமின் சிவப்புப் பெட்டி, வெள்ளை எழுத்து லோகோவே பார்பரா க்ரூகர் என்ற அமெரிக்க ஓவியரின் பாணியை ஒட்டியது. ஆனால் அந்த லோகோ மாதிரி இன்னொரு சிறிய நிறுவனம் டி-ஷர்ட் போட்டதற்காக, 2013-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு (நம்ம சுப்ரீம் கோர்ட் இல்லை!) போனது. யாருடைய பாணி, யாருடைய உரிமை என்ற கேள்வி அப்போதே கிளம்பிவிட்டது.

நம்ம பக்கம் என்ன நிலவரம்?

செம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்கேட் கடை எங்கே என்று கேட்டால் விநோதமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் விளையாட்டு தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டிய மீனவர் குடும்பத்துச் சிறுமி கமலியைப் பற்றிய 'கமலி' குறும்படம் 2020-ல் பாஃப்டா பரிந்துரை வரை போனது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது.

பலகை இல்லாவிட்டாலும் துணியும் டிசைனும் செம்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கு. சின்னாளபட்டி சுங்குடி! துணியில் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, அவிழ்த்தால் புள்ளிகள் வரும். இதுதான் பழைய முறை. இப்போது மெழுகு அச்சும் பிரிண்டும் அதிகம். அந்தப் புள்ளிகளை ஒரு ஸ்கேட் கடை பலகையிலும் டி-ஷர்ட்டிலும் போட்டால் எடுப்பாகத்தான் இருக்கும். கேள்வி அது இல்லை. காசு யாருக்கு?

ஹர்ஸ்ட் என்றால் கையெழுத்து இருக்கு. சுங்குடிப் புள்ளிக்குக் கையெழுத்து கிடையாது. 'மதுரை சுங்குடி'க்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் அது காப்பது பெயரை. புள்ளி வைத்த துணியை வேறு பெயரில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

புதுசாக டிசைன் போட்டால்?

இங்கேதான் பலர் ஏமாந்து போகும் இடம். ஓவியம் வரைந்தாலே காப்புரிமை வந்துவிடும், ஓவியரின் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நிற்கும். இது எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாதது, 1957 காப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு. துணி, பலகை மாதிரி ஒரு பொருளுக்காகப் போட்ட டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதை இயந்திர முறையில் 50 முறைக்கு மேல் தயாரித்துவிட்டால், அந்த டிசைனின் காப்புரிமை போச்சு! ஐம்பது என்பது ஒரு சின்ன ஆர்டர் கூட இல்லை. சுவரில் மாட்டும் ஓவியம் எது, பொருளுக்கான டிசைன் எது என்ற கோடு எங்கே என்பதில் கோர்ட்டில் வழக்குகளும் நடந்திருக்கின்றன.

கடையோடு ஒப்பந்தம் போடும்போது 19-வது பிரிவையும் பார்க்கணும். உரிமையை எழுதிக் கொடுப்பது வாய்ப் பேச்சில் செல்லாது, எழுத்தில் கையெழுத்தோடு இருக்கணும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ராயல்டி எவ்வளவு என்பதும் அதிலேயே வரணும். 'மொத்தமா இவ்வளவு வாங்கிக்கோங்க' என்று கடைக்காரர் சொல்லும்போது, பலகைக்கு மட்டுமா, டி-ஷர்ட்டுக்கும் சேர்த்தா, எத்தனை பீஸ் என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை. ஒரே படம் நாலு பொருளில் ஓடுவதுதான் இந்தத் தொழிலின் லாபமே.

டிசைன் பதிவு 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. முதலில் 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம். ஆனால் டிசைன் புதுசாக இருக்கணும், அதற்கு முன் வெளியே வந்திருக்கக் கூடாது. அதனால் முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் இன்ஸ்டா போஸ்ட்.