கையும் கருவியும் – 9: பெயர் எழுதாத பொத்தான்கள்

1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில், எண்டர்பிரைஸ் விண்கலத்தின் இயக்க அறை மேசைகள் முழுக்க மிட்டாய் நிறப் பொத்தான்கள் மின்னும். அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் பெயரே கிடையாது. பெயர் தேவைப்படவும் இல்லை. நடிகரின் விரல் எதைத் தொட்டாலும் அடுத்து நடக்க வேண்டியது கதை வசனத்தில் இருந்தது. தொலைக்காட்சியின் கட்டுப்பாட்டுப் பலகை, இயக்குபவரின் கைக்காக அல்ல, பார்ப்பவரின் கண்ணுக்காகச் செய்யப்படுவது.

நிஜப் பலகையில் விரல் தவறினால் என்ன ஆகும் என்பது அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தட்டி விழுந்தன. இறக்கை மடலை மடக்க நினைத்த விமானி சக்கரத்தை மடக்கிவிடுவார். ‘விமானியின் தவறு’ என்று கோப்பை மூடிவிடுவது வழக்கம். 1943-ல் இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சாப்பானிஸ், இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே வடிவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைக் கண்டார். வேறு சில விமானங்களின் விமானிகள் இந்தத் தவறைச் செய்யவில்லை. அவற்றில் அந்த இரண்டும் வேறு வேறு விதமாக இருந்தன. அவர் சொன்ன மருந்து மிக எளியது: சக்கரத்துக்கான பிடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம், மடலுக்கான பிடியில் ஓர் ஆப்பு வடிவம். பார்க்காமலேயே கை அறிந்துகொள்ளும். இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கரப் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

வீட்டுச் சுவரில் இருக்கும் ஸ்விட்ச் போர்டு இன்னும் 1943-ஐத் தாண்டவில்லை. ஒரே அச்சில் வார்த்த எட்டு ஸ்விட்சுகள். விருந்தாளி ஃபேனைப் போடப் போய் மூன்று விளக்குகளை எரியவிட்டு அணைப்பார். வீட்டுக்காரரின் கை மட்டும் இருட்டிலும் தவறாது. அது பலகையின் பெருமை அல்ல, பழக்கத்தின் பெருமை. போதாக்குறைக்கு, இந்தியாவில் கீழே அழுத்தினால் எரியும் விளக்கு அமெரிக்காவில் மேலே தள்ளினால்தான் எரியும்.

ஸ்விட்ச் தவறுவதைவிட ஆபத்தானது, விளக்கு பொய் சொல்வது. தொலைக்காட்சி விண்கலத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆபத்து உண்மை. பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அதிகாலை அப்படி நடக்கவில்லை. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் அதற்கான விளக்கோ அணைந்துவிட்டது. அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அல்ல, ‘மூடு’ என்ற மின் ஆணை போய்விட்டதை மட்டுமே. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக அலறின. எது முக்கியம் என்று அவை பிரித்துச் சொல்லவில்லை. உண்மையைக் காட்டியிருக்கக்கூடிய ஓர் அளவுமானி பிரதான பலகையின் பின்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் இருந்தது. கசிவை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் உலையின் உள்ளகம் பாதி உருகும் அளவுக்குக் கேடு நேர்ந்துவிட்டது.

இதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1987-ல், ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ வந்தது. அதில் பொத்தான்களே இல்லை. மைக்கேல் ஒகுடா வடிவமைத்த வழவழப்பான கறுப்புப் பலகைகளில் வண்ணப் பட்டைகள் ஒளிர்ந்தன. விரல் தொட்டால் போதும். எதிர்காலத்தின் அடையாளம் என்று ரசிகர்கள் வியந்த இந்தத் தோற்றத்துக்குப் பின்னால் சிக்கனமும் இருந்தது. நூற்றுக்கணக்கான நிஜ ஸ்விட்சுகளைப் பொருத்துவதைவிட, அச்சிட்ட படலத்தைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் வைத்து விளக்குப் போடுவது மலிவு. கைபேசிகளும் கார்களும் பின்னாளில் அதே வழவழப்பைச் சூடிக்கொண்டன. விரலுக்குத் தட்டுப்பட அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சாப்பானிஸ் ஒட்டிய ரப்பர் சக்கரத்துக்கு அங்கே இடமில்லை.

அமெரிக்கக் கடற்படைக்கு இது கடுமையாக உறைத்தது. 2017 ஆகஸ்ட் 21 விடியலில், ஜான் எஸ். மெக்கெய்ன் போர்க்கப்பல் சிங்கப்பூர் அருகே ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான் பிடித்த மாலுமியின் சுமையைக் குறைக்க, கப்பலின் வேகக் கட்டுப்பாட்டைப் பக்கத்து மேசைக்கு மாற்றச் சொன்னார்கள். தொடுதிரையில் அதைச் செய்யும்போது திசைதிருப்பும் கட்டுப்பாடும் சேர்ந்தே போய்விட்டது. சுக்கான் செயலிழந்துவிட்டதாக மாலுமி நினைத்தார். வேகத்தைக் குறைத்தபோது ஒரு பக்கத்து உந்தி மட்டும் தணிந்து, கப்பல் திரும்பியது. பயிற்சிக் குறைவும் களைப்பும் இதில் சேர்ந்திருந்தாலும், 2019-ல் கடற்படை இவ்வகைக் கப்பல்களில் கையால் தள்ளும் வேகப் பிடிகளையே மீண்டும் பொருத்த முடிவெடுத்தது.

கார்களிலும் காற்று திரும்புகிறது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் முழு ஐந்து நட்சத்திரம் பெற விரும்பும் கார்களில் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்ற அடிப்படை வேலைகளுக்குத் தனி ஸ்விட்சுகளை எதிர்பார்க்கிறது.

2020-ல் மனிதர்களைச் சுமந்து சென்ற ஸ்பேஸ்எக்ஸின் க்ரூ டிராகன் விண்கலம், பார்த்த மாத்திரத்தில் 1987-ன் தொலைக்காட்சி அரங்கம்தான்: மூன்று பெரிய தொடுதிரைகள். ஆனால் திரைகளுக்குக் கீழே, தீ விபத்து போன்ற அவசரங்களுக்காக, நிஜப் பொத்தான்கள் ஒரு வரிசை இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதியிருக்கிறது.

(தொடரும்)