தன் பெயரில் ஒரு சீட்டு

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பாதையில், மலைச்சரிவை ஒட்டி நீண்டு கிடக்கிறது புசல்லாவைக் கடைவீதி. சென்ற மாதம் அங்கே பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, முப்பதாண்டுக் காலம் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு தாயாருடன் உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தம் மகளைத் தாதியாகப் படிக்கவைத்துப் பொறியியல் கற்ற ஒருவருக்கு மணமுடித்து, இருவரையும் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தவர் அவர். நாம் பத்திரிகைக்கு எழுதுகிறவர் என்று அறிந்ததும், நெஞ்சில் கிடந்த கவலையை வெளியிட்டார்.

"ஐயா, மகள் இனிமே புருஷன் வீசாவுல இருக்க மாட்டாளாம். ஆஸ்பத்திரிக்காரங்க தர்ற தனி வீசாவுக்கு மாறப் போறாளாம். ரெண்டு பேருக்குள்ள ஏதும் பிணக்கா இருக்குமோ?"

பிணக்கு ஏதும் இல்லை என்று நாம் விளக்கிச் சொல்வதற்குள் இரண்டு பஸ்கள் போய்விட்டன. இவ்வையம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் குடும்பங்கள் பலவற்றிலும் எழுவதே. ஆதலின் அன்று சொன்னதைச் சற்று விரித்து ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் வெளிநாட்டவர் ஒருவரை வேலைக்கு அமர்த்த வேண்டுமாயின், அந்நாட்டு உள்நாட்டமைச்சின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற அந்த ஸ்பொன்சர், குறித்த ஆளுக்குக் குறித்த வேலைக்கென ஒரு சான்றிதழை வழங்குவார். அஃது உண்மையில் கடதாசியன்று. கணினியில் பதியப்படும் ஓர் இலக்கமே. அதைக் கொண்டு மூன்று மாதத்துக்குள் வீசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவ்வாறு வேலை வீசா பெற்றவரின் மனைவியோ கணவரோ உடன் செல்வது சார்ந்திருப்போர் வீசாவில். நம் பிள்ளைகள் 'டிப்பென்டன்ட்' என்பது இதனையே.

பெயரளவில் சார்ந்திருப்போர் வீசா தாழ்ந்தது போலத் தோன்றும். ஆனால் தொழில் விஷயத்தில் அதற்குள்ள சுதந்திரம் வேலை வீசாவுக்கு இல்லை. விளையாட்டுத் தொழில் நீங்கலாக ஏறத்தாழ எந்த வேலையும் செய்யலாம். இன்று ஒரு மருத்துவமனை, நாளை இன்னொன்று என்று மாறலாம். அந்தத் தாயாரின் மகள் அந்நாட்டுத் தாதியர் சபையில் பதிவுபெற்று, மருத்துவமனையில் தாதியாகவே பணியாற்றி வருகிறார். அதற்கு அவருக்கு ஸ்பொன்சர் எவரும் தேவைப்படவில்லை. அப்படியிருக்க, வீசாவை மாற்றுவானேன்?

காரணம் இதுதான். கணவரின் வேலை போயின், அவரது வீசா அறுபது நாளாகக் குறைக்கப்படும். எஞ்சியுள்ள காலம் அதனினும் குறைவாயின் அவ்வளவே. மனைவியின் வீசாவும் அதனோடு சேர்ந்தே சாயும். மருமகனார் பணிபுரியும் கம்பெனி ஆட்குறைப்புச் செய்யப்போவதாக அறிவித்திருக்கிறது. இரண்டு உயிர்களும் ஒரு கயிற்றில் தொங்குவானேன் என்று பிள்ளைகள் கூடிப் பேசி எடுத்த முடிவே தவிர, தாயார் அஞ்சிய பிணக்கு ஏதும் இல்லை. மகள் மாறிக்கொண்டபின் மருமகனுக்கு வேலை போனாலும், அவர் மனைவியைச் சார்ந்தவராக விண்ணப்பித்து அங்கேயே தங்கலாம்.

இவ்விடத்தில் பழைய கதையொன்றைச் சொல்லாதிருக்க நம்மால் இயலவில்லை. புசல்லாவை மண் தேயிலைக்கு மூத்த மண். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிர்த்தொழிலாகத் தொடங்குவதற்கும் முன்னரே, வோர்ம்ஸ் சகோதரர்கள் இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை நட்டிருந்தனர். கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக இம்மலைகளுக்கு வந்த நம் முன்னோர் அறிந்த சீட்டு 'துண்டு' எனப்பட்டது. இந்தக் கங்காணியின் ஆட்கள் இவ்வளவு கடன்பட்டுள்ளனர், அதனைச் செலுத்துவோரிடம் இவர்கள் விடப்படுவர் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாளே அது. துண்டின்றித் தோட்டம் மாற வழியில்லை; துண்டோடு மாறினாலோ கடனும் கூடவே நடந்து வந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு முடிவு கட்டியது.

ஸ்பொன்சர் சான்றிதழும் துண்டும் ஒன்றென்று நாம் கூறவரவில்லை. இன்று கடன் கட்டு இல்லை. விரும்பினால் வேலையை உதறலாம். எனினும் புதிய நிறுவனத்தில் சேர அந்நிறுவனத்தின் புதிய சான்றிதழும், புதிய விண்ணப்பமும் வேண்டும். மேலாளரோடு மனத்தாங்கல் வந்தால், நாளைக்கே வேறிடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த மகள் இனி எளிதாகச் சொல்ல முடியாது. வேலை நின்றால் அறுபது நாள் கணக்கு இப்போது அவர் தலையிலேயே விழும்.

இன்னோர் இழப்பும் உண்டு. இதனைப் பலர் காலம் கடந்தே அறிகின்றனர். நிரந்தர வதிவுரிமைக்கு ஆண்டு எண்ணும்போது, சார்ந்திருந்த ஆண்டுகள் வேலை வீசாக் கணக்கில் சேரமாட்டா. மூன்றாண்டு கணவரின் வீசாவில் இருந்துவிட்டு மாறுகிறவர், முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஐந்தாண்டு என்றிருந்த அக்கணக்கைப் பத்தாக உயர்த்த 2025 மே மாத வெள்ளையறிக்கை முன்மொழிந்தது என்பதையும் நினைவிற்கொள்க. ஆகவே, கணவரின் வேலை உறுதியாயிருக்கும் பெண்கள் வெறும் கௌரவத்துக்காக அவசரப்பட வேண்டா என்பதே நம் கருத்து. ஆனால் கல்விச் சான்று, தொழிற்பதிவு, வேலை அநுபவம் ஆகிய மூன்றையும் தத்தம் பெயரில் ஆயத்தமாக வைத்திருத்தல் நன்று. கதவைத் திறக்க வேண்டிய நாளில் சாவியைத் தேடிக்கொண்டிருக்கலாகாது.

எல்லாருக்கும் கதவு அகலமாக இல்லை. 2025 ஜூலை 22 முதல், புதிதாக இவ்வழியில் வருவோரின் வேலை பெரும்பாலும் பட்டப்படிப்புத் தரத்ததாக இருத்தல் வேண்டும்; பொதுவான சம்பள எல்லையும் ஆண்டுக்கு 41,700 பவுணாக உயர்ந்தது. தாதியர் போன்ற சுகாதாரத் தொழிலினர்க்கு வேறு சம்பள அட்டவணை உண்டு. ஆண்டுக்கு 1,035 பவுண் என 2024இல் உயர்ந்த சுகாதாரக் கட்டணமும் அவர்களுக்கு இல்லை. சுற்றுலா வீசாவில் சென்றவர் உள்ளிருந்தபடியே வேலை வீசாவுக்கு மாறவே முடியாது. மாற்றித் தருகிறோம் என்போர் கொழும்பிலும் உளர், இலண்டனிலும் உளர். சான்றிதழுக்கென்று பெருந்தொகை கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தச் செலவு தொழில் தருவோரைச் சேர்ந்தது, தொழிலாளியிடம் அறவிடக்கூடாதது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசு எவரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. மற்றொன்று: விண்ணப்பித்தபின் முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். திருவிழாவுக்கு ஊர் வருகிறேன் என்று பிள்ளை சொன்னால், பொறுத்து வா என்று சொல்லுங்கள்.

தாயார் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். 1948இல் குடியுரிமை பறிபோனதையும், 1964 ஒப்பந்தத்தின் பின் உறவினர் கப்பலேறியதையும் வீட்டில் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. நாடற்றோராய் எஞ்சியவர்க்கு 2003இல்தான் விடிவு பிறந்தது. கடதாசியின் அருமையை அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்ப மருமகனுக்கு வேலை போனா, அவரு இவ பேர்லதான் இருக்கணுமா?" என்று கேட்டார்.

ஆம் என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தம் பெயர் செக்ரோலில் இருந்தும், சம்பள நாளில் கணவர் சென்று இருவர் பணத்தையும் வாங்கி வந்த காலத்தைச் சொன்னார். அப்போது அதைப் பற்றி எவரும் எதுவும் கேட்டதில்லையாம். பஸ் வந்தது. ஏறிக்கொண்டே, "ராத்திரி போன் பண்ணி, மாறிக்கடின்னு சொல்லிடுறேன்" என்றார்.