கடிதத்தில் புதுச்சேரி, இறங்குவது காரைக்காலில்!

அட்மிஷன் கடிதத்தில் 'என்.ஐ.டி. புதுச்சேரி' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. காத்மாண்டுவில் இருக்கும் பையன் என்ன செய்வான்? மேப்பில் புதுச்சேரியைத் தேடுவான், கடற்கரைச் சாலைப் படங்களைப் பார்த்துப் பூரித்துப்போவான், அங்கேயே ஓர் அறைக்கும் முன்பணம் கட்டிவிடுவான். கல்லூரியோ அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, காரைக்கால் திருவேட்டக்குடியில்! கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று தமிழ்நாட்டைக் கடந்து வந்தால்தான் மறுபடி அதே யூனியன் பிரதேசம் கண்ணில் படும். உலகத்தில் எத்தனை மாணவர்களுக்கு இப்படி ஒரு வரவேற்பு வாய்க்கும், சொல்லுங்கள்!

அதனால்தான், வெளிநாட்டு மாணவர்களுக்கான ஓரியன்டேஷன் குத்துவிளக்கு ஏற்றும் நாளில் தொடங்குகிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சண்டை போடத் தோன்றும். பையன் டிக்கெட் போடுவதற்கு முன்பே அது தொடங்கிவிட வேண்டும். "விமானத்துக்குத் திருச்சி அல்லது சென்னை. சென்னையிலிருந்து காரைக்காலுக்கு ராத்திரி ரயில் உண்டு. ஸ்டேஷனில் உனக்காக நிற்கப்போகும் சீனியர் அண்ணனின் போன் நம்பர் இது." இந்த மூன்று வரி மெயில், மூன்று மணி நேர வரவேற்புரையை விட மேல்.

இப்போது மேடைக்குப் பின்னால் வாருங்கள். மேஜை மேல், இந்தியா வர விசா தேவைப்படும் நாட்டு மாணவர் ஒருவரின் ஃபைல் திறந்திருக்கிறது என்று வையுங்கள். பாஸ்போர்ட் நகல், விசா நகல், அட்மிஷன் கடிதம், போட்டோக்கள். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால், வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவு இப்போது ஆன்லைனில்தான். ஆனால் அதற்குக் கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ் வேண்டும், தங்குமிடச் சான்று வேண்டும். ஓ.டி.பி. வர உள்ளூர் சிம் வேண்டும். பேங்க் கணக்குக்கும் அதே சிம், அதே சான்றிதழ். எது முதலில், எது அடுத்து என்ற வரிசையைச் சரியாகப் பிடித்துவிட்டால் எல்லாம் மளமளவென்று நகரும். ஒன்று பிசகினால் 14 நாளும் பறந்துவிடும். அந்த மாணவர் வந்து இறங்கும் காலையில் போனஃபைட் சான்றிதழ் கையெழுத்தாகி, முத்திரை குத்தி, கவரில் தயாராக இருக்கிறது பாருங்கள், அதைத்தான் நான் வரவேற்பு என்பேன்!

இன்னொன்று. எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை. விசா தாமதம், கவுன்சலிங் சுற்றுகள் தாமதம் என்று ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த மூன்று வார மாணவர் அறிமுகத் திட்டம் இருக்கிறது. அதன் இரண்டாம் வாரத்தில் வருபவன் முதல் வாரத்தை எங்கே போய்த் தேடுவான்? யார் எந்த நாளில் வந்தாலும் அன்றே அவருக்கு முதல் நாள் தொடங்குகிற மாதிரி திட்டம் போட வேண்டும். தனியாக இரண்டு நாள் போதும். பிறகு உள்ளூர் மாணவர்களோடு ஒன்றாக உட்கார வைத்துவிட வேண்டும்.

ஃபைலே இல்லாத ஒரு கூட்டமும் உண்டு, இவர்கள் மேல் எனக்குத் தனிப் பாசம். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான 'டாசா' சேர்க்கையில், வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. கையில் இந்தியப் பாஸ்போர்ட், வாயில் தமிழோ மலையாளமோ. பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. அதனாலேயே யாரும் இவர்களை வெளியூர்க்காரர்களாக நினைப்பதில்லை. ஆனால் துபாயில் வளர்ந்த பெண்ணுக்கு டவுன் பஸ் ஏறுவதும், ஹாஸ்டல் பக்கெட்டில் துணி துவைப்பதும் முற்றிலும் புதிது. சீனியர் துணை இவர்களுக்கும் கட்டாயம் வேண்டும்.

ஆகஸ்டில் வந்தால் இரட்டை அதிர்ஷ்டம்! 15ஆம் தேதி சுதந்திர தினம். மறுநாள் 16ஆம் தேதி, 1962இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். அடுத்தடுத்த நாளில் கொடியேற்றம்! வரலாற்று வகுப்பு தனியாக எதற்கு?

அதோடு, இந்த ஊர் கடல் கடந்து போன ஊர். 19ஆம் நூற்றாண்டில் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இங்கிருந்து கப்பலேறினார்கள். பிறகு பாரிஸ், சிங்கப்பூர், வளைகுடா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இன்றும் இருப்பதால், 2022 பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலும் வாக்குச்சாவடி இருந்தது! வெளிநாட்டில் முதல் மாதம் எப்படி அழுகை வரும், எந்தச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கும் என்று தெரிந்த பெரியவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒரு மாலை அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு மாணவர்களோடு டீயும் வடையுமாக உட்கார வையுங்கள். எந்தக் கவுன்சலரும் தர முடியாத தைரியம் அங்கே கிடைக்கும்.

கடைசியாக, ஓரியன்டேஷனை ஆகஸ்டோடு மூட்டை கட்டிவிடக் கூடாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலை இந்தப் பகுதி மறக்காது. மழை தொடங்குமுன் இன்னொரு மாலை வேண்டும். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணுக்கு என்ன அர்த்தம், மின்சாரம் போனால் எங்கே கூடுவது, போனில் சார்ஜை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லித்தர வேண்டும். அங்கேயே ஒவ்வொரு மாணவரும் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, வார்டனை அம்மா அப்பாவுக்கு அறிமுகம் செய்துவைக்கட்டும். வானிலைச் செய்தியில் காரைக்கால் பெயர் அடிபடும்போது யாருக்கு போன் போட வேண்டும் என்று காத்மாண்டுவிலும் தெரிந்திருக்கும்.