நீல ஒளியும் அடிபட்ட மூளையும்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டான். வெளிக்காயம் ஆறியதும் பள்ளிக்கு வந்தான். ஆனால், முதற் பாடவேளையிலேயே தூங்கி விழுவான். சோம்பல் என்றெண்ணிப் பலமுறை அவனை நிற்கவைத்தேன். தலையில் அடிபட்டவர்களுட் பலருக்கு இரவில் உறக்கம் கெட்டுப் பகலில் கண் சொருகும் என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். மண்டையோடு முழுமையாக இருப்பினும், உள்ளே மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமுறக்கூடுமாம்.

இத்தகையோருக்கு ஒளி எவ்வாறு உதவும்? விழித்திரையில் தாமாகவே ஒளியை உணரும் ஒருவகை நரம்பணுக்கள் உள்ளன என்பதை, அமெரிக்காவில் டேவிட் பெர்சன் குழுவினர் 2002ஆம் ஆண்டில் எலிகளில் கண்டு காட்டினர். மனிதர் கண்ணிலும் அவை உண்டு. உருவங்களைக் காட்டுவது அவற்றின் முதன்மை வேலையன்று. மூளையிலுள்ள உறக்கக் கடிகாரத்திற்கு, 'விடிந்தது' என்று சொல்லியனுப்புவதே வேலை. நீல ஒளிக்கு அவை மிகுதியாக இசைகின்றன. காலையில் அவ்வொளி பட்டால் கடிகாரம் முன்னதாக ஓடும். இரவில் உறக்கமும் முன்னதாக வரும்.

இதனை அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கில்கோர் குழுவினர் சோதித்து, 2020இல் வெளியிட்டனர். மூளையில் இலேசான காயமுற்ற 32 பேர், ஆறு வாரம், நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் விளக்கின் முன் அமர்ந்தனர். சிலருக்கு நீல விளக்கு. ஏனையோருக்கு மஞ்சள் விளக்கு.

மஞ்சள் விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வகுப்பில் நான் மிகவும் எதிர்பார்க்கும் கேள்வி அது! நாட்கள் கழிந்தாலே சிலருக்குக் குணமாகும். விளக்கின் முன் ஒழுங்காக அமர்வதும், குணமாகும் என்னும் நம்பிக்கையுங்கூடச் சிறிது உதவலாம். இவை இரு சாராருக்கும் பொதுவாகிவிட்டால், எஞ்சும் வேறுபாடு ஒளியின் நிறமே.

நீல ஒளி பெற்றோர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக உறங்கி, முன்னதாக எழுந்தனர். பகல் தூக்கமும் குறைந்தது. எனினும், 32 பேர் என்பது சிறு தொகை. ஆகவே, இதைக் கொண்டே கடையில் விளக்கு வாங்கிவிடலாகாது. மருத்துவரைக் கேட்க வேண்டும். அடிபட்ட அன்றைக்கே செய்யும் சிகிச்சையும் அன்று இது. வாந்தி, வலுக்கும் தலைவலி, தடுமாறும் பேச்சு, எழுப்பியும் தெளியாத மயக்கம், இவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.