கடல்மேற் புகைப்படலம்

வாலாஜாபாத்தில் ஒரு வீட்டு விறகடுப்பினின்று எழும் புகை, கூரையைக் கடந்தவுடன் கண்ணுக்கு மறைகின்றது. ஆயினும் அஃது உடனே அழிந்துபோவதில்லை. தை, மாசி மாதங்களில் வடகிழக்கினின்று வீசும் காற்று, நம் தேசத்தில் விறகும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவதாலெழும் நுண்துகள்களை வாரிச்சென்று இந்துமகா சமுத்திரத்தின்மேற் பரப்புகின்றது.

இதனை ஆராய்ந்து விளக்கியவருள் முதன்மையானவர், அண்ணாமலை சர்வகலாசாலையிற் பயின்ற வீரபத்திரன் இராமநாதன். அவரும், 1995-இல் இரசாயனத்திற்கு நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும், 1999-ஆம் ஆண்டில் பல தேசத்து விஞ்ஞானிகளுடன் கூடி, மாலத்தீவைத் தலைமையிடமாகக் கொண்டு, கப்பல்களாலும் விமானங்களாலும் கடற்காற்றைச் சோதித்தனர். நிலத்திற்கு வெகு தொலைவிலும், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரம்வரை பழுப்புநிறப் படலமொன்று காணப்பட்டது.

அப்படலத்திலுள்ள கந்தக உப்புக்கள் சூரிய கிரணங்களைச் சிதறச் செய்யும். கரித்துகளோ அவற்றை விழுங்கிக் காற்றைச் சூடாக்கும். எனவே கடலைச் சேரும் ஒளி குறையும். அது குறையவே நீர் ஆவியாதலுங் குறைந்து, மழைக்கும் இடையூறு நேரும்.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. கரியமிலவாயு நூறாண்டுக்கு மேலும் வானில் தங்கும். கரித்துகளோ சில வாரங்களுக்குள் மழையோடு மண்ணிற் படிந்துவிடும். ஆதலின், புகையில்லா அடுப்பொன்றை ஓர் இல்லத்தில் அமைப்பித்தலும் சிறு காரியமன்று. அவ்வில்லத்துத் தாய்மாரின் மூச்சிற்கும், தொலைவிலுள்ள கடலின் வானிற்கும் அது விரைவில் நன்மை பயக்கும். கற்றோர் இதனைத் தத்தம் ஊரிற் பரப்புவாராக.