சோளக்காட்டு மருந்தும் ஆற்றடிப் பூச்சியும்

மொன்ட்ரியாலின் வில்லரே பகுதிக்குத் தெற்கு எல்லையை ஒட்டிய ஜான்-தாலோன் சந்தையில் ஆகஸ்ட் மாதம் சோளக்கதிர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கு அக்கரையில், மொன்டெரெஜி சமவெளியில், கால்நடைத் தீவனத்துக்கான சோளமும் சோயாவும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன. அந்த வயல்களின் வடிகால் நீர் சிற்றாறுகள் வழியாக அந்த ஆற்றில் சேர்கிறது.

கனடாவின் கியூபெக் மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஷிபுவே, ஹூரோன், சென்-ரெஜிஸ், சென்-செஃபிரன் என்ற நான்கு ஆறுகளின் நீரைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறது. 2015 முதல் 2017 வரை எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நியோனிகோடினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி இருந்தது. நீர்வாழ் உயிர்களைக் காக்க கியூபெக் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.0083 மைக்ரோகிராம். பெரும்பாலான மாதிரிகள் அதைத் தாண்டின.

இந்தப் பூச்சிக்கொல்லி தெளிக்கும் மருந்தாக மட்டும் வருவதில்லை. விதை நேர்த்தியாகவே விதையின் மேல் பூசி விற்கிறார்கள். பூசியதில் சிறு பங்கையே பயிர் உறிஞ்சுகிறது. மிச்சம் மண்ணில் தங்கி, மழையில் கரைந்து ஓடிவிடுகிறது.

அது போய்ச் சேரும் இடத்தில் மேஃபிளையின் இளம்பூச்சி வாழ்கிறது. கல்லைப் புரட்டினால் பார்க்கலாம்: தட்டையான உடல், பின்னால் மூன்று மெல்லிய வால், வயிற்றின் இருபுறமும் படபடக்கும் இறகு போன்ற செவுள்கள். கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வளரும். சிறகு முளைத்த பிறகு அது எதையும் உண்பதில்லை. ஓரிரு நாளில் முட்டையிட்டு மடிந்துவிடும். வாழ்நாளுக்கான மொத்த உணவையும் தண்ணீருக்குள் இருக்கும்போதே உண்டுவிட வேண்டும். நியோனிகோடினாய்டு பூச்சியின் நரம்பில் செய்தி வாங்கும் இடத்தைப் பற்றிக்கொண்டு எளிதில் விடாது. உடனே சாகாத பூச்சியும் கால் அசையாமல், மேய முடியாமல், பட்டினி கிடந்து சாகிறது.

இந்த ஆபத்து இவ்வளவு காலம் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் சோதனைக்கூடத்தில் இருக்கிறது. நச்சு அளக்க உலகெங்கும் வழக்கமாக எடுப்பது டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு. அது பூச்சியே அல்ல, இறால் இனத்தின் உறவு. இமிடாகுளோபிரிட் என்னும் நியோனிகோடினாய்டு லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் இருந்தால்தான் அது சாகும். மேஃபிளைக்கோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே மிக அதிகம். டாஃப்னியாவைப் பார்த்துப் 'பாதுகாப்பானது' என்று முடிவெடுத்தது பெரும் பிழை என்றே சொல்வேன்.

கனடா சுகாதாரத் துறை 2016-இல் இமிடாகுளோபிரிடின் பெரும்பாலான வேளாண் பயன்பாடுகளைப் படிப்படியாக நிறுத்த முன்மொழிந்தது. 2021-இல் அந்த முன்மொழிவைக் கைவிட்டு, சில கட்டுப்பாடுகளை மட்டும் விதித்தது. கியூபெக் முந்திக்கொண்டது. 2018-இல் வந்த விதிகளின்படி இத்தகைய மருந்துகளுக்கு வேளாண் வல்லுநரின் பரிந்துரை வேண்டும். அந்த முடிவு எவ்வளவு சரி என்பதை 2020-இல் வெளியான ஜெனிவியேவ் லாப்ரி குழுவின் ஆய்வு காட்டியது: கியூபெக்கின் 84 வயல்களில் பார்த்ததில், பூசிய விதை பயன் தந்தது 5 சதவீதத்துக்கும் குறைவான இடங்களில்தான். தேவையே இல்லாத வயல்களிலும் விவசாயி காசு கொடுத்து வாங்கிய நஞ்சு ஆற்றுக்குப் போயிருக்கிறது.

நெல் விளையும் ஊர்க்காரர்கள் ஜப்பானின் ஷிஞ்ஜி ஏரியைக் கவனிக்க வேண்டும். சுற்றுவட்டார நெல் வயல்களில் 1993-இல் நியோனிகோடினாய்டு புழங்கத் தொடங்கியது. ஏரியின் நுண்விலங்குகள் சரிந்தன. அவற்றைத் தின்று வாழ்ந்த வகாசாகி மீனின் பிடிப்பு ஆண்டுக்குச் சுமார் 240 டன்னிலிருந்து 22 டன்னுக்கு விழுந்தது என்று 2019-இல் 'சயன்ஸ்' இதழ் ஆய்வு தெரிவித்தது. மருந்து மீனை நேரடியாகக் கொல்லவில்லை, அதன் இரையை அழித்தது.

தஞ்சைப் பக்கம் புகையான் என்னும் நெற்பூச்சிக்கு அடிப்பதும் இதே இமிடாகுளோபிரிட்தான். 2000-களின் நடுவிலேயே ஆசியாவின் பல நாடுகளில் புகையான் அதைத் தாங்கப் பழகிவிட்டது. வாய்க்காலில் இருக்கும் தட்டான் குஞ்சுக்கும் மேஃபிளைக்கும் அந்தப் பழக்கம் வரும் என்று நம்ப இடமில்லை.