தகடு, மரச்சட்டம், துணிக்கூரை

1934-இல் ராஜ்கோட் மகாராஜாவுக்காக இங்கிலாந்தில் உருவான ரோல்ஸ் ராய்ஸ் பேன்டம் 2 கான்டினென்டல் ஒன்று உண்டு. ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்று பெயர். மெருகேற்றிய அலுமினியமும் காவி வண்ணமும் சேர்ந்த உடல், வேண்டும்போது மடக்கிக்கொள்ளும் துணிக்கூரை. 1968-இல் விலைபோய்க் கடல் கடந்த இந்தக் கார், 2010-இல் அதே அரச குடும்பத்திடம் திரும்பி வந்தது. திரும்பி வராதவை ஏராளம். 1971-இல் மன்னர் மானியம் ஒழிவதற்கு முன்பே பல சமஸ்தானக் கார்கள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் போய்விட்டன. 1950-க்கு முன் தயாரான கார்களை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு பின்னால்தான் வந்தது.

இப்படிப்பட்ட கார் ஒன்று விலைக்கு வந்தால் எதைப் பார்த்து வாங்குவது? பளபளப்பைப் பார்க்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ் எண், அடுத்தது எஞ்சின் எண். ரோல்ஸ் ராய்ஸ் அந்நாளில் முழுக் கார் விற்கவில்லை. சேஸிஸும் எஞ்சினும் மட்டுமே டெர்பி தொழிற்சாலையிலிருந்து வரும். உடலை வேறொரு பட்டறை கட்டித் தரும். ஸ்டார் ஆஃப் இந்தியாவுக்கு உடல் கட்டியது லண்டனின் திரப் அண்டு மேபர்லி. எந்த எண் சேஸிஸ் யாருக்குப் போனது, எந்தப் பட்டறையில் உடல் ஏறியது என்ற குறிப்புகள் இங்கிலாந்திலுள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்திடம் இன்றும் இருக்கின்றன. சாதாரண மூடிய உடலைக் கழற்றிவிட்டு, விலை கூடும் என்பதற்காகப் புதிதாகத் திறந்த உடல் ஏற்றிய கார்கள் உலகெங்கும் உண்டு. அந்தப் பழைய குறிப்பைப் புரட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

திருவாலங்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. 1905-இல் அவ்வூரில் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் மொத்தம் 31. சோழ முத்திரையுள்ள வளையத்தில் கோத்தவை. வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டை உருவவோ புதிதாக ஒன்றைச் செருகவோ முடியாது. பழைய காரில் அந்த வளையத்தின் வேலையைச் செய்வது எண்கள்தான். சேஸிஸ், எஞ்சின், உடல் கட்டியவரின் தகடு மூன்றும் பதிவேட்டோடு ஒத்துப்போனால்தான் அது அசல்.

அசல் என்று தெரிந்த பிறகுதான் கடினமான வேலையே தொடங்குகிறது. மூடிய காரில் கூரையும் தூண்களும் உடலை இறுக்கிப் பிடிக்கும். திறந்த காரில் அந்தப் பிடிப்பு கிடையாது. பாரம் முழுவதையும் சேஸிஸும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டமும் தாங்க வேண்டும். இற்றுப்போன பகுதியை அறுத்தெடுக்கும் முன் குறுக்கே முட்டுக்கொடுத்து நிறுத்தாவிட்டால் உடல் கொஞ்சம் விலகிவிடும். அதற்குப் பிறகு எந்த டிங்கர் வந்தாலும் கதவு சரியாக உட்காராது. அலுமினியத் தகட்டுக்குள்ளே இருப்பது மரச்சட்டம். இங்கிலாந்தில் அதற்கு ஆஷ் மரம் போட்டார்கள். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் அது தாங்காது. தேக்கில் மாற்றிச் செய்வது நியாயம்தான், எதை மாற்றினோம் என்று எழுதிவைத்தால்.

கூரை தனிக் கலை. இரும்பு வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக மடங்க வேண்டும். விரித்தால் துணி தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. ஒரு வளைவு பிசகினாலும் மழைத்தண்ணீர் நேராக மடியில் இறங்கும். வேலை முடிந்தபின் கூரையை விரித்தே வைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், மாதக்கணக்கில் மடித்தே கிடந்தால் மடிப்பில் துணி வெட்டுப்படும்.

மிகைப்படுத்திப் புதுப்பிப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் கசக்கிறது. 1925-ஆம் ஆண்டுக் காருக்கு உரியது நிக்கல் முலாம். அதற்கு இளமஞ்சள் சாயலும் ஒரு மென்மையும் உண்டு. குரோம் முலாம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கார்களுக்கு வந்தது. பழைய விளக்குகளுக்கு நீலப் பளபளப்பில் குரோம் அடித்து நிறுத்துவது காரின் வயதையே அழிப்பது. அசல் தோல் இருக்கையில் வெடிப்பு இருந்தால் பதப்படுத்திக் காப்பாற்றலாம். கிழித்தெறிந்துவிட்டால் அது மீண்டும் வராது.

சென்னைக்கு இந்தக் கைத்தொழில் புதிதல்ல. 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தில், 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் காரே செய்து ஓட்டினார். இன்றும் பழைய உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை, சீட் வேலைக்கு ஜி.பி. ரோடு என்று சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். பார்க்க மட்டும் விரும்புகிறவர்களுக்குக் கோவை அவினாசி சாலையில் 2015 முதல் ஜீடி கார் அருங்காட்சியகமும், சென்னையில் 2023 முதல் ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகமும் இருக்கின்றன.

சட்டமும் இப்போது தெளிவாகியிருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். எண் பலகையில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் ‘விஏ’ வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம், அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை. பெரிய மாற்றம் கூடாது என்ற நிபந்தனையைத்தான் நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஒரு குறை மட்டும் மீதமிருக்கிறது. சோழர் செப்பேடுகளில் பாட்டு இயற்றியவர் பெயரும் எழுத்து வெட்டியவர் பெயரும் இடம்பெறுவதுண்டு. கண்காட்சியில் நிற்கும் காரின் முன்னுள்ள பலகையிலோ உரிமையாளர் பெயரும் தயாரிப்பு ஆண்டும்தான் இருக்கும். மரச்சட்டம் இழைத்த ஆசாரி, தகடு தட்டிய டிங்கர், கூரை தைத்த குஷன் கடைக்காரர் ஆகியோரின் பெயர்களும், எந்த ஆண்டில் எதைச் செய்தார்கள் என்ற விவரமும் காரின் கோப்பில் ஒரு தாளாகவாவது சேர வேண்டும். அடுத்த முறை அதைப் பிரிக்கப்போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.